வெள்ளியும் பவுனும்: தோட்டத் தமிழரின் நாணயச் சேமிப்பும் அதன் மதிப்பும்

முன்னுரை

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். பொன்னணியின் எடையைப் ‘பவுன்’ கணக்கில் கூறுகின்றனர். முன்னது இந்நாட்டில் ஒரு காலத்தில் புழங்கிய வெள்ளி டாலரை நினைவூட்டுவது. பின்னது பிரிட்டனின் பொற்காசாகிய சவரனிலிருந்து வந்தது. கைக்குக் கை மாறிய அக்காசுகள் மறைந்துவிட்டன. சொற்கள் மட்டும் நிலைத்துள்ளன. எனினும், தோட்டப் பின்னணி கொண்ட குடும்பங்களில் பழங்காசுகள் சில இன்றும் அணியாகவும் பேழைப் பொருளாகவும் எஞ்சியிருத்தல் கூடும். அவற்றின் மதிப்பை எவை உறுதி செய்கின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சட்டமும் உலோகமும்

நாணயத்தின் மதிப்பைச் சட்டம் ஒருபுறமும் உலோகம் மறுபுறமும் இழுக்கும். இதற்குத் தெளிவான சான்று நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வெள்ளி டாலராகும். சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களிலும் இதுவே புழங்கியது. 1903ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் டாலரின் எடை 26.95 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1906இல் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பவுண்டுடன் பிணைக்கப்பட்டது. அதே காலத்தில் வெள்ளியின் விலை ஏறவே, காசாகச் செலவிடுவதைக் காட்டிலும் உருக்கி விற்பதே ஊதியம் தரும் என்னும் நிலை தோன்றியது. ஆகவே 1907இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919இல் மீண்டும் எடை 16.85 கிராமாகவும் வெள்ளியின் அளவு பாதியாகவும் குறைந்தன.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1903ஆம் ஆண்டு டாலரில் இருந்த தூய வெள்ளி ஏறத்தாழ 24 கிராம். 1919ஆம் ஆண்டு டாலரில் இருந்ததோ 8 கிராமுக்குச் சற்று மிகுதி. கடையில் இரண்டும் ஒரே ‘ஒரு வெள்ளி’தான்; தட்டானின் தராசில் பின்னது முன்னதில் மூன்றில் ஒரு பங்கேயாகும். காசை உருக்கி அணி செய்வோருக்கு இவ்வேறுபாடு பெரிது. பின்வந்த மலாயாச் சில்லறைக் காசுகளின் கதையும் இத்தகையதே. 1939ஆம் ஆண்டு 20 காசு நாணயத்தில் முக்கால் பங்கு வெள்ளி இருந்தது. 1943இல் அது பாதியாயிற்று. 1948இல் வெள்ளி முற்றிலும் நீங்கிச் செம்பு நிக்கல் கலவை வந்தது.

கூலியும் பவுனும்

டெங்கில் வட்டாரத்துத் தமிழர் வரலாறு ரப்பர் தோட்டங்களோடு பிணைந்தது. முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் பிரிட்டிஷ் படையினர் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் இவ்வட்டாரத்தை அடுத்திருந்தது. 1920களின் இறுதியில் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளின் தோட்டங்களுக்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு ஆகும். அக்காலத்து மாற்று விகிதப்படி ஒரு பவுனின் விலை ஏறத்தாழ எட்டரை வெள்ளி. ஆதலால் ஓர் ஆண் தொழிலாளி உண்ணாமலும் உடுக்காமலும் 17 நாள் உழைத்தாலன்றி ஒரு பவுன் கைக்கு வாராது. பெண்ணுக்கு 21 நாளுக்கும் மேலாகும். அரிசிக்கும் துணிக்கும் போக எஞ்சியதைச் சேர்த்து ஒரு பவுன் வாங்குதல் எத்துணை நெடிய முயற்சி என்பதை நாம் உய்த்துணரலாம்.

இத்தகைய சேமிப்பு வீண்போகவில்லை என்பதை ஜப்பானியர் ஆட்சி மெய்ப்பித்தது. 1942 முதல் 1945 வரை வெளியிடப்பட்ட வாழைமர நோட்டுகள் போர் முடிந்ததும் வெறுந்தாளாயின. சட்டம் தந்த மதிப்பைச் சட்டமே பறித்துக்கொண்டது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் அந்நிலை நேரவில்லை.

சேகரிப்போர் காணும் மதிப்பு

பவுனின் எடை 7.98 கிராம், தூய தங்கம் 7.32 கிராம். இன்று நகைக்கடைகளில் ‘916’ என்று குறிக்கப்பெறும் 22 காரட் தரமே பவுனின் தரமாகும். உருக்கு விலை இவ்வளவே. 2001இல் மலேசியா வெளியிட்ட கிஜாங் எமாஸ் போன்ற முதலீட்டுக் காசுகளும் பெரும்பாலும் அன்றாடத் தங்க விலையை ஒட்டியே விற்கப்பெறுகின்றன.

சேகரிப்போர் இதற்கு மேலும் சில கூறுகளை நோக்குவர். முதலாவது அருமை. முதல் உலகப் போரின்போது பம்பாயில் 1918ஆம் ஆண்டில் மட்டும் பவுன் அச்சிடப்பட்டது. அக்காசில் குதிரையின் அடியில், ஆண்டெண்ணுக்கு மேல், ‘ஐ’ என்னும் சிற்றெழுத்து உண்டு. இலண்டன் பவுனுக்கும் இதற்கும் தங்கத்தில் வேறுபாடில்லை. எழுத்து ஒன்றே வேறுபாடு. இரண்டாவது காசின் நிலை. தேய்மானம், கீறல் ஆகியவற்றைக் கண்டு 1 முதல் 70 வரை தரமிடும் முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. மூன்றாவது இயற்கைத் தன்மை. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய வெள்ளிக் காசு கண்ணுக்கு அழகாயினும் சந்தையில் விலை குன்றும். வளையம் பற்றவைத்த காசும், துளையிட்ட காசும் அவ்வாறே.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். சேகரிப்போர் குறை என ஒதுக்கும் பற்றுத்தடமே வரலாற்று ஆய்வாளருக்குச் சான்றாகின்றது. அது அக்காசு புழக்கத்தினின்று விலகி ஒரு பெண்ணின் கழுத்தை அடைந்ததைக் கூறுகின்றது. தேய்ந்த முகம் எத்தனையோ ஆண்டுகள் அணியப்பட்டமையைக் கூறுகின்றது. தோட்டத் தொழிலாளர் எழுதி வைத்த கணக்கேடுகள் அரியவை. அவர்தம் சேமிப்பைப் பற்றிப் பேசவல்ல பொருள்களுள் இத்தகைய அணிகள் முதன்மையானவை எனலாம்.

முடிவுரை

புத்ராஜெயா நகர் எழுந்தபோது பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செஜ்லி ஆகிய நான்கு தோட்டங்கள் மறைந்தன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் குடியேறின. லயங்களும் ரப்பர் மரங்களும் போயின. கையில் எடுத்துச் செல்லக்கூடியவையே எஞ்சின. அண்மை ஆண்டுகளில் பொன்விலை பெரிதும் உயர்ந்துள்ளமையால் எஞ்சியவற்றையும் விற்றுவிடும் எண்ணம் எழுதல் இயல்பே. வறுமையும் மருத்துவச் செலவும் நெருக்கும்போது விற்றலைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. அத்தகைய நாளுக்காகவே அவை சேர்க்கப்பட்டன.

ஆயினும் விற்குமுன் செய்யத்தக்கவை சில உள. காசைத் துலக்காமல் எடையிட வேண்டும். ஆண்டையும் அச்சுக்குறியையும் காண வேண்டும். நகைக்கடையோடு நில்லாது நாணயம் அறிந்தவரிடமும் விலை கேட்க வேண்டும். இவற்றோடு இருபுறமும் படமெடுத்து, அதனை அணிந்தவர் யார், எத்தோட்டத்தில் உழைத்தவர், எப்போது வாங்கினார் என்பவற்றை மூத்தோரிடம் கேட்டெழுதி வைத்தல் வேண்டும். உருகிய காசின் தங்கம் வேறோர் அணியாக மீண்டும் வரும். அதனை ஈட்டியவரின் பெயர் எழுதப்படாவிடில் மீண்டும் வாராது. தமிழ்ப்பள்ளி மாணவரும் எம் துறை மாணவரும் இப்பணியைத் தத்தம் இல்லத்திலிருந்தே தொடங்கலாம்.