பனியாற்றில் இறங்கிய நாரை

விழுந்த இடம் எதுவென்று விழுந்தவர்களே அறியாத விமான விபத்தொன்று 1946ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் நிகழ்ந்தது. ஆஸ்திரியாவிலிருந்து புறப்பட்ட அமெரிக்க இராணுவத்தின் டகோட்டா விமானம் அது. பணிக்குழுவினர் நால்வர், பயணிகள் எண்மர். பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியும், விமானத்தை ஓட்டிய டேட் என்பாரின் தாயாரும் பயணிகளுள் இருந்தனர். ஆல்ப்ஸ் மலைமீது மேகம் கண்ணை மறைத்தது. வழி தவறிய விமானம் சுவிட்சர்லாந்தின் கௌலிப் பனியாற்றில், ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் மோதியது.

வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர். ஆயினும் ஒருவரும் இறக்கவில்லை. பனியாறு மேல்நோக்கிச் சரிந்திருந்தது. விமானமும் ஏறக்குறைய அதே சாய்வில் சென்றது. ஆகவே சுவரில் மோதுவதுபோல் மோதாமல், உராய்ந்தவாறு போய் ஆழ்ந்த பனியில் புதைந்து நின்றது. சிலர் காயமுற்றனர்.

நிற்க. பிழைத்தோர் வானொலி வழியே செய்தி அனுப்பினர். ஆனால் தாம் பிரான்சு நாட்டு ஆல்ப்ஸில் இருப்பதாகவே எண்ணினர். தேடியவர்களும் அதை நம்பினர். மைரிங்கன் விமானத்தளத்தின் தலைவர் விக்டர் ஹுக் மட்டும் வேறு விதமாகச் சிந்தித்தார். மலைகள் வானொலி அலையைத் தடுப்பவை. அப்படியிருக்க, இந்தக் குரல் இத்தனை தெளிவாகக் கேட்குமானால் அது அண்மையிலிருந்தே வரவேண்டும். தாம் வாழும் நிலத்தை அறிந்தவரின் கணக்கு அது, சரியாகவும் இருந்தது.

இடம் தெரிந்தபின் அமெரிக்கரின் ஜீப்புகளும் பனி வண்டிகளும் ரயிலேறி வந்தன. அந்தச் செங்குத்துச் சரிவில் அவற்றுக்கு வேலையே இல்லை. 23ஆம் நாள் சுவிஸ் மீட்புக் குழுவினர் பதின்மூன்று மணி நேரம் நடந்து உச்சியை அடைந்தனர். காயமுற்றோரைத் தோளில் சுமந்து அதே வழியில் இறங்குவது எத்தகைய துன்பம்! இரவும் நெருங்கிவிட்டது.

மறுநாள் காலை இரண்டு சிறு விமானங்கள் வந்தன. அவற்றின் பெயர் ஷ்டோர்க். செர்மன் மொழியில் நாரை என்று பொருள். 1943இல் முசோலினியை மலையுச்சியிலிருந்து கொண்டுசென்றதும் இவ்வகை விமானமே. மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு மெதுவாகவும் கீழே விழாமல் பறக்கவல்லது. நின்று கிளம்பச் சிறிதளவு இடமே போதும். சக்கரம் பனியில் புதையுமாதலால் சறுக்குக் கட்டைகளைப் பூட்டியிருந்தனர். ஹுக்கும், பிஸ்டா ஹிட்ஸ் என்னும் மற்றொரு விமானியும் ஒருவர் இருவராக ஏற்றிக்கொண்டு, மீண்டும் மீண்டும் சென்று வந்து பன்னிருவரையும் கீழே சேர்த்தனர். மலையுச்சியின் மெல்லிய காற்றில் எஞ்சினின் வலிமை குறையும். ஒரு பிழை நேர்ந்திருந்தால் மீட்கச் சென்றோரும் மீட்கப்பட வேண்டியவராகியிருப்பர்.

போர்க்காலத்தில் நடுநிலை பேசி செர்மனியோடு வாணிகம் செய்த நாடென்று அமெரிக்கா சுவிட்சர்லாந்தின்மீது கசந்திருந்த காலம் அது. செர்மன் பொறியாளர் வடிவமைத்த விமானத்தில் சுவிஸ் விமானிகள் அமெரிக்கப் படையினரைக் காப்பாற்றியதில் அக்கசப்பு ஓரளவு தணிந்தது. சுவிஸ் வான்மீட்புப் பணியின் பிறப்பே கௌலியில்தான் என்பர். அதற்கென அமைப்பொன்று 1952இல் தோன்றியது.

கைவிடப்பட்ட டகோட்டாவைப் பனி மூடிக்கொண்டது. பனியாறு நகர்வதைக் கண்ணால் காண இயலாது. ஆனால் அது நகர்ந்துகொண்டேயிருந்தது. 2012இல் மலையின் கீழ்ப்பகுதியில், உருகிய பனியினின்று அவ்விமானத்தின் சுழலி வெளிவந்தது. மலையேறச் சென்ற மூன்று இளைஞர் அதைக் கண்டெடுத்தனர்.