ஆமைக்கு ஒரு வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி உண்டு. மதுரைச் சீமையில் இதைச் சொல்லாத பாட்டியும் இல்லை. கேட்டு வளராத பேரனும் இல்லை. அமீனா என்பவர் கோர்ட்டு உத்தரவோடு வந்து அண்டா குண்டாக்களை ஜப்தி செய்துகொண்டு போகிறவர். அந்தச் சொல்லே அரபியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாகக் கச்சேரிகளுக்கு வந்து, பிறகு தமிழில் புகுந்த சொல். ஆகவே இந்த வடிவத்தில் பழமொழி அத்தனை பழையதாக இருக்க முடியாது. கல்லாமை, பொறாமை, முயலாமை ஆகிய 'ஆமை'களைத்தான் இது குறிக்கிறது என்று மேடையில் விளக்கம் சொல்வோரும் உண்டு. சாதுரியமான விளக்கம்தான். ஆனால் என் அப்பத்தா அந்த விளக்கத்தை ஒப்புக்கொள்ளமாட்டாள்!

நம் முன்னோர் ஆமையை இப்படி வெறுத்ததாகத் தெரியவில்லை. வயல் ஆமையை வேகவைத்து உண்டவர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஐம்புலனையும் அடக்கி வாழ்வதற்கு வள்ளுவர் கண்ட உவமை ஆமை. பெண் ஆமை மணலில் புதைத்த முட்டைகளை, குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை காத்திருப்பதாக அகநானூற்றில் ஒரு பாட்டு பேசுகிறது. மெய்யாகவே ஆமை அப்படிக் காப்பதில்லை. முட்டையிட்டு மண்ணை மூடியதும் தாய் தன் வழியே போய்விடும். ஆயினும் அதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பித்துக் கொடுத்த புலவரின் மனம் பெரியது. மீன் பார்வையாலும், பறவை தொட்டும், ஆமை நினைவாலும் குஞ்சு பொரிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மீனாட்சி என்ற பெயருக்குப் பொருள் சொல்லும்போது மதுரையில் இன்றும் இதைக் கேட்கலாம்.

இவ்வளவு மரியாதைக்குரிய பிராணி வீட்டுக்குள் மட்டும் வரக்கூடாதாம். எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தது.

1964ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். அந்த வருஷக் கடைசியில்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. எனக்கு வயது பத்து. திருமங்கலத்துக்கு அப்பால் எங்கள் கொல்லைக்காட்டில், மழை விட்ட மறுநாள், உடைமரத்துப் புதரடியில் ஓர் ஆமைக்குஞ்சு ஊர்ந்து கொண்டிருந்தது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கதிர்கள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் படர்ந்திருந்தன. காய்ந்த புல்லின் மேல் வெயிலும் நிழலும் கலந்து விழும்போது அந்தக் கோடுகள்தாம் அதை மறைக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டேன்.

"ஏலே, அதை எங்க எடுத்தியோ அங்கேயே கொண்டு விட்டுட்டு வா. குடும்பத்துக்கு ஆகாது" என்றாள் அப்பத்தா. நான் அழுதேன். அப்பா சிரித்தார். பலசரக்குக் கடையிலிருந்து ஒரு கள்ளிப்பெட்டி வந்தது. அதன் அடியில் வைகை மணலை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். உடைந்த நாட்டு ஓடு ஒன்றைக் கவிழ்த்துப் பள்ளியறை அமைத்தேன். கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தேன். பூனைக்குப் பயந்து, பட்டாசாலையின் இருட்டு மூலையில் பெட்டியை வைத்து, மேலே கோணியைப் போர்த்தினேன். ராஜாவுக்கு அரண்மனை கட்டிய பெருமிதம் எனக்கு. பால்சோறும் பருக்கையும் அதன் விருந்து.

ஆமை என்ன செய்தது தெரியுமா? சுவர் ஓரமாகவே நடந்தது. மூலைக்குப் போய்த் திரும்பும், மறுபடி நடக்கும். விளையாடுகிறது என்று நினைத்தேன். மாசி மாதத்தில் அதன் ஓட்டை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, நாங்கள் எல்லோரும் அழகரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது அது ஓட்டுத்துண்டின் அடியில் அசையாமல் கிடந்தது.

அப்பத்தா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எங்கே தவறினேன் என்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஓர் ஆங்கிலப் பாதிரியாரிடம் கற்றேன். கில்பர்ட் வைட் என்பது அவர் பெயர். 1789இல் தம் கிராமமாகிய செல்போர்னின் இயற்கை வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றவர். அவருடைய அத்தை ஓர் ஆமையை மதில் சூழ்ந்த சிறு முற்றத்தில் பல்லாண்டுகள் வைத்திருந்தாள். 1780இல் அத்தை காலமானதும், குளிர்கால உறக்கத்திலிருந்த ஆமையை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, வண்டியில் 80 மைல் கொண்டுவந்து தம் தோட்டத்தில் விட்டார் வைட். அதற்குத் திமோத்தி என்று பெயர். பெட்டி கட்டவில்லை, கூண்டு செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மழைத் துளி கண்டால் அது ஒளிந்துகொள்ளும் என்று குறித்தார். வெயில் குறைந்த பருவத்தில் சுவரில் ஓட்டைச் சாய்த்து, கதிர்களை நேராக வாங்கிக்கொள்ளும் என்றும் எழுதினார். கணிதம் படிக்காத பிராணிக்குக் கோணம் தெரிந்திருந்தது!

வைட் 1793இல் இறந்தார். திமோத்தி அவருக்குப் பிறகும் சில மாதங்கள் வாழ்ந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சோதித்த பின்னரே திமோத்தி ஆண் அல்ல, பெண் என்று தெரிந்தது. ஆமை வளர்க்கிறவர் தம் ஆயுளைத் தாண்டிய பொறுப்பை ஏற்கிறார். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் 2006ஆம் ஆண்டு மார்ச்சில் இறந்த 'அத்வைதா' என்ற பெரிய ஆமை ஒரு காலத்தில் ராபர்ட் கிளைவுக்குச் சொந்தமாயிருந்தது என்று சொல்வார்கள். அது மெய்யானால், 1774இல் இறந்த எஜமானனுக்குப் பின் அது 230 ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறது.

சுவரில் சாய்ந்த திமோத்தி எதைத் தேடிற்றோ, அதைத்தான் நான் கோணி போட்டு மறைத்திருக்கிறேன். ஆமையின் ஓடு வெறும் கவசம் அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் விரிந்து ஒன்றான உயிருள்ள எலும்பு. சூரிய ஒளியின் புற ஊதாக்கதிர் மேலே படவேண்டும். அப்போதுதான் வைட்டமின் டி உண்டாகி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் ஏறும். இருட்டு மூலையில், பருக்கையைத் தின்று, ஓடு கரைந்துபோயிற்று.

நிற்க. சென்ற மாதம் என் பேரன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். அயல்நாட்டில் யாரோ ஆமைக்கு வீட்டினுள்ளே மாளிகை கட்டியிருக்கிறார்கள். கண்ணாடியைத் தடையென்று அறியாமல் ஆமை அதில் முட்டிக்கொண்டே இருக்குமாம். ஆகையால் சுவர்கள் பலகையால் ஆனவை. புதைந்து படுக்க ஆழமான மண். ஒரு கோடியில் வெப்ப விளக்கு, மறு கோடியில் குளிர்ச்சி. வேண்டிய இடத்துக்கு ஆமையே நகர்ந்து கொள்ளும். மேலே புற ஊதாக்கதிர் விளக்கு. வெளிச்சம் இருக்கும்போதே அதன் சத்து தீர்ந்துவிடுமாதலால் அதை அவ்வப்போது மாற்றவேண்டும். எத்தனை செலவு! திருமங்கலத்துப் புதரடியில் இவை எல்லாம் சும்மா கிடைக்கின்றன.

"நாமும் கட்டலாமா, தாத்தா? நட்சத்திர ஆமை ஒண்ணு கிடைக்கும்னு கூடப் படிக்கிற பையன் சொல்றான்" என்றான்.

கூடாது என்றேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். 2019இல் சர்வதேச வியாபாரத்துக்கும் தடை விழுந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். காரணம் உண்டு. விமான நிலையங்களில் பெட்டி பெட்டியாகப் பிடிபட்டவை இந்தக் குஞ்சுகள்தாம். அவ்வளவும் நம் வறண்ட காடுகளில் என்னைப்போன்ற கைகள் பொறுக்கியவை. ஆமை கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல், அல்லது பார்த்துவிட்டு நகர்ந்து வா என்றேன்.

பிறகு அவனிடம் 1964ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அப்பத்தாவின் பழமொழியை இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். எங்கள் வீடு உருப்பட்டது; ஆமைதான் உருப்படவில்லை.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். "அந்தப் பெட்டி என்ன ஆச்சு, தாத்தா?" என்று கேட்டான்.

"அப்பத்தா அதிலே அடுப்புக்கரி போட்டு வச்சிருந்தா" என்றேன்.