விருப்பக்குறிக்கு ஒரு விலை: ஸ்டீமிட் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

எழுதுகிறவனுக்குச் சன்மானம் யார் தருவது என்ற கேள்வி அச்சுக்கூடத்தைவிடப் பழையது. அரசன், புரவலர், பதிப்பாளர், விளம்பரதாரர் என்று காலத்துக்கு ஒருவர் அதற்கு விடையாக வந்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இருவர் அமெரிக்காவிலிருந்து வேறொரு விடையை முன்வைத்தனர். எவரும் கைக்காசைத் தரவேண்டாம். நாணயத்தை நாமே உண்டாக்கிப் பகிர்ந்துகொள்வோம் என்பதே அது. அந்த விடைக்குப் பெயர் ஸ்டீமிட்.

ஸ்டீமிட்டுக்கு அடியில் இருந்தது ஸ்டீம் எனும் பிளாக்செயின். பல கணினிகளில் ஒரே சமயத்தில் படியெடுத்து வைக்கப்படும் பொதுக் கணக்கேடு. 2016 மார்ச் 24 அன்று அது ஓடத் தொடங்கியது. நாள்தோறும் புதிய நாணயங்கள் பிறக்கும். அவற்றின் ஒரு பங்கு, படித்தவர்கள் இட்ட வாக்குகளின்படி எழுதியவர்களுக்கும் வாக்கிட்டவர்களுக்கும் போய்ச் சேரும். விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. ஆனால் வாக்குகள் சமமானவை அல்ல. ஒருவர் எவ்வளவு நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரோ அவ்வளவு கனம் அவருடைய வாக்குக்கு. பெரும் பங்கு வைத்திருந்தவர்களைத் திமிங்கிலங்கள் என்றும் மற்றவர்களைப் பொடிமீன்கள் என்றும் அங்கிருந்தோரே அழைத்துக்கொண்டனர். மறைத்துச் சொல்லத் தெரியாத நேர்மை என்றுதான் இதைக் கொள்ளவேண்டும்.

2016 ஜூலை 4 அன்று முதல் பட்டுவாடா நடந்தது. ஒப்பனை செய்வது எப்படி என்று சொல்லும் பதிவுக்குப் பல ஆயிரம் டாலர் கிடைத்த செய்தி ஊரெல்லாம் பரவியது. கால் டாலர் அளவில் கிடந்த நாணயம் அதே மாதத்தில் நான்கு டாலரைத் தாண்டியது. பிட்காயினுக்கும் ஈதருக்கும் அடுத்த இடத்தில் சில நாட்கள் அமர்ந்தும் இருந்தது. இடையில் ஜூலை 14 அன்று சுமார் 260 கணக்குகள் களவுக்கு உள்ளாயின. அதுகூடக் கூட்டத்தைக் கலைக்கவில்லை. கலைத்தது விலைச் சரிவுதான். ஆண்டு முடிவதற்குள் நாணயம் இருபது சென்டுக்குக் கீழே இறங்கியது.

இத்தகைய தளங்களுக்குப் பொதுமக்களை இழுத்து வருவது எது என்று கேட்பவர்கள் தணிக்கையின்மை, தரவுரிமை, பரவலாக்கம் ஆகியவற்றை வரிசையாக எடுத்துரைப்பதுண்டு. ஸ்டீமிட்டின் வரலாறு அதற்கு இடம் தருவதாக நமக்குத் தோன்றவில்லை. விலை ஏறியபோது மக்கள் வந்தனர், இறங்கியபோது போயினர். 2018 ஜனவரியில் ஏழு டாலருக்கும் மேல் போனபோது மறுபடியும் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு நவம்பரில், நாணயம் ஒரு டாலருக்கும் கீழே கிடக்க, ஊழியர்களில் எழுபது விழுக்காட்டினரை அனுப்பப்போவதாக ஸ்காட் அறிவித்தார். லாரிமர் 2017-லேயே விலகிவிட்டிருந்தார்.

விதிவிலக்கும் உண்டு. சொந்த நாட்டுப் பணம் கரைந்துகொண்டிருந்த வெனிசுவேலாவிலிருந்து எழுதவந்தவர்களுக்குச் சில டாலர்களே ஒரு மாதத்தின் அரிசியும் மருந்தும் ஆயின. இந்தோனேசியாவின் ஆச்சே, தென்கொரியா ஆகிய இடங்களிலும் தத்தம் மொழியில் எழுதிக்கொண்டு நெருக்கமான குழுக்கள் உருவாயின. இவர்களில் பலர் விலை வீழ்ந்த பின்னும் தங்கினர். தேவையும் தாய்மொழியும் கட்டிப்போட்ட அளவுக்கு நாணயத்தின் ஏற்றம் கட்டிப்போடவில்லை.

வாசகரைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2017-க்குப் பின் ஒரு பதிவுக்கு ஏழு நாட்களில் கணக்கு முடிக்கப்பட்டது. எட்டாம் நாள் ஒருவர் தேடிவந்து படித்து மெய்மறந்தாலும் எழுதியவருக்குச் சல்லிக்காசு இல்லை. மெல்ல வாசகரை அடையும் எழுத்து எதுவாயினும் அங்கே தோற்றே தீரும். இன்னொரு பக்கம், பணம் கட்டினால் வாக்கு இடும் தானியங்கி நிரல்கள் பெருகின. எழுதியவரே தம் எழுத்துக்கு வாக்கை விலைக்கு வாங்கினார். படிக்கும் வேலை எவருக்கும் மிச்சம் இருக்கவில்லை. கடவுச்சொல்லைத் தொலைத்தவருக்கு அதை மீட்டுத்தர ஆளில்லை என்பதும், புதுக்கணக்குக்கு நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததும் சாதாரண மனிதரை வாசலிலேயே நிறுத்தின.

2020 பிப்ரவரியில் டிரான் நாணயத்தை நிறுவிய ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். தொடக்க நாட்களில் நிறுவனம் தனக்கென எடுத்துவைத்த பெரும் நாணயக் குவியலும் கூடவே அவர் கைக்குப் போயிற்று. அது வளர்ச்சிப் பணிக்கு மட்டுமே, ஆட்சிக்கான வாக்குக்கு அன்று என்பது பழைய வாக்குறுதி. கணக்கேட்டைப் பேணுவோர், சாட்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள், அக்குவியலை முடக்கினர். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகளில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நாணயங்களும் சன்னின் பக்கம் வாக்குகளாக விழுந்தன. முன்னணிச் சாட்சிகள் இருபதுபேரும் ஒரே நாளில் பதவி இழந்தனர். கண்டனம் எழுந்தபின் பைனான்ஸ் தன் வாக்கை விலக்கிக்கொண்டது.

எழுதியவர்களே உரிமையாளர்கள் என்று நான்கு ஆண்டு சொல்லப்பட்டு வந்த வீட்டில் உரிமை எங்கே இருந்தது என்பது அன்று தெரிந்தது. எழுத்தில் இல்லை, வாசிப்பில் இல்லை, குவியலில் இருந்தது. இது ஏதோ விபத்து என்று சொல்வோரை நாம் ஏற்பதற்கில்லை. நாணயத்தின் கனமே வாக்கின் கனம் என்று முதல் நாளே எழுதிவைத்ததன் நேரான விளைவு அது.

அதன்பின் ஒரு பகுதியினர் மார்ச் 20 அன்று கணக்கேட்டை முழுவதும் படியெடுத்து, நிறுவனத்தின் குவியலை விட்டுவிட்டு, ஹைவ் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போயினர். மே மாதத்தில் பழைய ஸ்டீமில் ஒரு விதிமாற்றம், பிரிந்துபோனவர்கள் பலரின் சுமார் 2.36 கோடி நாணயங்களை அவர்கள் கணக்குகளிலிருந்து எடுத்தது. பறிக்கவே முடியாது என்று விளம்பரப்படுத்தப்பட்ட சொத்து அது.

பின்னர் வந்தவையும் விலையின் தோளிலேயே ஏறிவந்தன. 2023 ஆகஸ்டில் எழுந்த ஃபிரெண்ட்.டெக், மனிதர்களின் பெயரிலேயே பங்குகளை விற்றது. சில வாரங்கள் எங்கும் அதே பேச்சு. 2024 செப்டம்பரில் அதை ஆக்கியவர்களே கைகழுவினர். நோஸ்டர் மட்டும் தனக்கென நாணயம் எதையும் வெளியிடாமல், விரும்பிய எழுத்துக்குச் சிறிது பிட்காயினைக் கைமாற்றும் வழியோடு நிற்கிறது. அங்கும் 2023-இல் ஆப்பிளின் விதிகளுக்குப் பணிந்து, பதிவுகளின்மேல் அன்பளிப்பு தரும் பொத்தானை டாமஸ் செயலி நீக்கவேண்டி வந்தது.

ஹைவ் இன்றும் இயங்குகிறது. கூட்டம் சிறிதுதான். வெனிசுவேலாக்காரர்கள் அங்கே இன்னும் ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதற்கு மற்றொருவர் நீண்ட மறுமொழி எழுதுகிறார். 2020 மார்ச்சுக்கு முன் எழுதப்பட்டவை அனைத்தும் இரண்டு கணக்கேடுகளிலும் எழுத்து மாறாமல் இருக்கின்றன.