ஷூஷா ஸ்பானிஷ் பாடிய கதை

தென் அமெரிக்க வரைபடத்தை ஒருதடவை பாருங்க. கண்டத்தில் ஏறக்குறைய பாதி பிரேசில். சிலி, ஈக்வடார் இரண்டைத் தவிர மற்ற எல்லா நாடுகளோடும் அதற்கு எல்லை இருக்கு. ஆனா அந்த நாடுகளில் பெரும்பாலானவை பேசுவது ஸ்பானிஷ், பிரேசில் பேசுவது போர்த்துகீஸ். தெருவே ஒரு மொழி பேச, நடுவில் இருக்கிற பெரிய வீடு மட்டும் வேறு மொழி பேசுகிற மாதிரி.

பெரியவங்களுக்கு இது பெரிய தடை இல்லை. பிரேசிலின் போஸா நோவா இசையை, ஒரு வார்த்தைகூடப் புரியாமல் உலகமே கேட்டிருக்கு. குழந்தைப் பாட்டு அப்படி இல்லை. குழந்தை அதைக் கேட்டால் மட்டும் போதாது, கூடவே பாடணும், கைதட்டணும், "குதி"ன்னா குதிக்கணும். அதனால் குழந்தைகளுக்குப் பாடுறவங்க எல்லை தாண்டணும்னா மொழியையும் மாத்தியே ஆகணும். ஷூஷாவின் முதல் ஸ்பானிஷ் ஆல்பத்துக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

யார் இந்த ஷூஷா? முழுப்பெயர் மரியா டா கிராசா மெனெகெல். பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டி டோ சுல்லில், சாண்டா ரோசா என்ற ஊரில் 1963இல் பிறந்தவர். மாடலாக இருந்து, 1983இல் மான்செட்டி தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வந்தார். 1986 ஜூன் 30 அன்று குளோபோ தொலைக்காட்சியில் 'ஷோ ட ஷூஷா' தொடங்கியது. விண்கலத்தில் வந்து இறங்குவார், நிகழ்ச்சி முடிந்ததும் அதிலேயே ஏறிப் போவார். குழந்தைகளை 'பைஷீன்யோஸ்' என்று கூப்பிடுவார். நம்ம ஊர் பாஷையில் 'குட்டிப் பசங்களா'.

இங்கே வியாபாரத்தையும் கவனிக்கணும். அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட சோம் லிவ்ரே நிறுவனம் குளோபோ குழுமத்தையே சேர்ந்தது. காலையில் டிவியில் பாட்டு, சாயங்காலம் கடையில் தட்டு. 1988இல் வந்த மூன்றாவது ஷோ ஆல்பம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். 'இலாரியே' என்ற பாட்டு அதில்தான் வந்தது.

உள்நாட்டில் இவ்வளவு பெரிய சந்தை இருக்கும்போது ஸ்பானிஷ் எதுக்கு? ரெண்டு மொழியும் அக்கா தங்கச்சிதானே, அப்படியே புரியாதா? புரியும், ஆனா ஒருபக்கமாத்தான். போர்த்துகீஸ் பேசுறவங்களுக்கு ஸ்பானிஷ் ஓரளவு எளிதாகப் புரிந்துவிடும், மறுபக்கம் அவ்வளவு எளிது இல்லை. ஸ்பானிஷில் உயிரொலிகள் மொத்தமே ஐந்து. போர்த்துகீஸில் அதைவிட அதிகம், போதாததற்கு மூக்கொலிகள் வேற. ஐந்து உயிரொலியில் வளர்ந்த ஒரு ஐந்து வயசுக் குழந்தைக்கு ரியோவின் பேச்சு மங்கலாத்தான் கேட்கும். அதனால் இறங்கி வரவேண்டியது பாடகிதான்.

அந்த முதல் ஸ்பானிஷ் ஆல்பம், 80-கள் முடிந்து 90-கள் தொடங்கும் நேரத்தில் வந்தது. புதுப் பாட்டுக்களுக்குப் பதிலாக, பிரேசிலில் ஏற்கனவே ஜெயித்தவற்றுக்கே ஸ்பானிஷ் வரிகள் எழுதினார்கள். நம்ம டப்பிங் பாட்டு வேலைதான். மெட்டு மாறாது, அசைக்கு அசை பொருந்தணும். இதில் பெரிய வெற்றி 'இலாரியே'. ஏன்னு யோசித்தால் சுவாரசியமா இருக்கும். அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. குழந்தைகள் கத்திப் பாடுகிற இடம் வெறும் ஓசை, அதை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை.

சிக்கல் அவர் பெயரில்தான் இருந்தது. பெயரை 'எக்ஸ்' எழுத்தில் எழுதுவார்கள், போர்த்துகீஸில் அது 'ஷ'. பழைய ஸ்பானிஷிலும் அப்படித்தான் இருந்தது. 1605இல் வந்த 'டான் குயிக்ஸோட்' நாவலின் பெயரில் இருக்கும் எக்ஸ் அதன் மிச்சம். பிறகு அந்த ஒலி தொண்டைக்குப் போய் 'ஹ' மாதிரி ஆனது. அதனால்தான் 'பைஷீன்யோஸ்' ஸ்பானிஷில் 'பஹீத்தோஸ்' ஆனது. 'ஷ' ஒலி இன்னும் புழங்கும் ஒரு ஸ்பானிஷ் ஊர் புவெனஸ் அயர்ஸ். மற்ற இடங்களில் 'காயே' என்று சொல்லும் தெருவை அங்கே 'காஷே' என்பார்கள். தற்செயலோ என்னவோ, 1991இல் 'எல் ஷோ டே ஷூஷா' தொடங்கியது அந்த ஊரில், டெலிஃபே சேனலில்தான்.

இங்கே வரிசை தலைகீழானதைக் கவனியுங்க. பிரேசிலில் டிவி முன்னால் போய்த் தட்டை விற்றது. ஸ்பானிஷ் உலகில் தட்டு முன்னால் போய் டிவிக்கு வழி போட்டது. அந்த நிகழ்ச்சி லத்தீன் அமெரிக்கா முழுக்கப் போனது, அமெரிக்காவில் யூனிவிஷன் வழியாகவும் ஒளிபரப்பானது. 1992இல் ஸ்பெயினின் டெலிசின்கோவிலும் தனி நிகழ்ச்சி. 1991இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் அதிக வருமானக் கலைஞர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

கூடவே இன்னொன்றும் எல்லை தாண்டியது. ஷூஷா பொன்னிறக் கூந்தல்காரர். 'பாகிட்டாஸ்' என்ற அவருடைய உதவிப் பெண்களும் அதே சாயல். கறுப்பின, கலப்பின மக்கள் கோடிக்கணக்கில் வாழும் நாட்டில், 'அழகுன்னா இதுதான்' என்று தினமும் காலையில் குழந்தைகளுக்குக் காட்டியது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆய்வாளர் அமேலியா சிம்ப்சன் இதைப் பற்றி 1993இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1988 ஆல்பத்தில் 'செவ்விந்தியர் விளையாட்டு' வகைப் பாட்டு ஒன்றும் உண்டு. பூர்வகுடிகளின் நில உரிமையை பிரேசில் அரசியல் சட்டத்தில் எழுதியதும் அதே 1988இல்தான். மெட்டோடு சேர்ந்து இந்தப் பார்வையும் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

1993இல் அமெரிக்காவில் ஆங்கில நிகழ்ச்சி வந்தது, ஒரே சீசனில் நின்றுபோனது. என் கணிப்பு இது: ஸ்பானிஷில் அவருடைய போர்த்துகீஸ் வாடை குழந்தைகளுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பேசுற மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் அதே வாடை, எங்கிருந்தோ வந்த விருந்தாளியுடையது. மொழி மாத்திப் பாடினால் மட்டும் போதாது, இரண்டு மொழிக்கும் நடுவில் ஒரு உறவு ஏற்கனவே இருக்கணும். ஸ்பானிஷ் ஆல்பத்துக்கு அது வாய்த்திருந்தது.