ஓலையும் நீரும் நெருப்பும்

பங்குனி வெயில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையைச் சுட்டெரிக்கும் நாட்களில், அந்தப் பாறையின் நிழல்கூட எட்டாத சமவெளி ஊர்களிலே ஒரு விழா வருகிறது. கையிலே குருத்தோலை, நாவிலே பாட்டு, மண் சுடும் வெறுங்காலிலே நடை. ஈஸ்டர் என்பர் ஆங்கிலம் அறிந்தோர். உயிர்ப்பு விழா என்பர் நூலறிந்தோர். பாஸ்கா என்பர் ஊரார்.

ஐரோப்பாவிலே இது இளவேனில் விழா. பனி உருகும், மொட்டு அவிழும், குளிரில் முடங்கிக் கிடந்த உயிரெல்லாம் எழும். இங்கோ, கிணற்று நீர் கீழே போகும் காலம். சிறுமலைப் பக்கமிருந்து வரும் காற்றிலும் அனல் வீசும் காலம். அங்கே அரும்பு, இங்கே அனல்! விழா ஒன்று, கோலம் பல. இந்தக் கோலங்கள் வானத்திலிருந்து வந்தனவா? மாந்தர் கைப்பட வனைந்தவையா? எந்த மதத்து விழாவாயினும் இதைக் கேட்பது நம் வழக்கம். கேட்பது பகையன்று; கேளாதிருப்பதே அறிவுக்குப் பகை.

முதலில் நாளையே எடுத்துக்கொள்வோம். எகிப்து நாட்டு அடிமைத் தளையினின்று தம் முன்னோர் விடுபட்டதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பெசாக் விழாவின் பெயரே, பல மொழிகளில் திரிந்து, தமிழில் பாஸ்கா ஆயிற்று. எந்த நாளில் கொண்டாடுவது என்பதிலே தொடக்கக் காலக் கிறித்தவரிடையே பெரும் பூசல் இருந்தது. 325-ஆம் ஆண்டு நைசியா நகரிலே ஆயர்கள் கூடி, யாவரும் ஒரே நாளில் கொண்டாடுவதென முடிவு செய்தனர். நிலைத்துவிட்ட கணக்குப்படி, மார்ச் 21-ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றிலும் அது வரலாம். 1582-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கிழக்குத் திருச்சபைகள் பலவும் பழைய கணக்கை விடவில்லை. விளைவு? ஒரே ஏசு, பல ஆண்டுகளில், இரு வேறு ஞாயிறுகளில் உயிர்த்தெழுகிறார்! ஆண்டவன் குறித்த நாளாயின் ஆயர்கள் கூடி வாதாடுவானேன்?

முட்டைக்கும் உயிர்ப்புக்கும் என்ன உறவு? கல்லறையைப் பிளந்துகொண்டு எழுந்த உயிரின் சின்னம் என்று பின்னால் பொருள் சொன்னார்கள். ஆனால் அடுக்களைக் காரணம் ஒன்று உண்டு. தவக்காலத்தில் முட்டை உண்ணலாகாது என்பது ஐரோப்பியத் திருச்சபையின் பழைய விதி. விதி மனிதருக்குத்தானே, கோழிக்கு இல்லையே! அது இட்டுக்கொண்டே இருந்தது. நோன்பு முடிந்த நாளில் வீடெங்கும் முட்டை குவிந்து கிடந்தது. கிரேக்கர் அதற்குச் செஞ்சாயம் தோய்த்தனர். உக்ரேனியர் மெழுகால் கோலம் எழுதினர். செருமானியர் முயல் கொண்டுவந்து தந்ததாகக் குழந்தைகளுக்குக் கதை கட்டினர். போலந்து இளைஞர் மறுநாள் திங்களன்று ஒருவர்மீது ஒருவர் தண்ணீர் ஊற்றி ஆர்ப்பரிப்பர். எதியோப்பியர் 55 நாள் நோன்பிருப்பர். நம் அண்டை மலையாள நாட்டுச் சிரியன் கிறித்தவர், பெரிய வியாழன் இரவில் புளிக்காத மாவில் பெசகா அப்பம் செய்து, குடும்பத் தலைவர் பகிர்ந்தளிக்க வீட்டிலேயே உண்பர். அந்தந்த நாட்டு அடுப்பும் அந்தந்த மண்ணின் விளைவும் விழாவை உருவாக்கின என்பதன்றி வேறென்ன?

முயலும் வண்ண முட்டையும் திண்டுக்கல் சீமைச் சிற்றூர்களில் வேர்விடவில்லை. இங்கே வேரூன்றியவை மூன்று: ஓலை, நீர், நெருப்பு.

ஏசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் ஓலை ஏந்தினராம். குளிர்நாட்டிலே பனை ஏது, ஈச்சை ஏது? உருசியரும் போலந்தினரும் அலரிச் செடியை ஒத்த வில்லோ மரக்கிளையை ஏந்துகின்றனர். இத்தாலியர் ஒலிவக் கிளையை. தமிழனுக்கு அந்தக் குறை இல்லை. தென்னங்குருத்தைக் கிழித்துச் சிலுவையாக மடிக்கிறான். வீட்டிலே செருகி வைக்கிறான். அடுத்த ஆண்டு அதே ஓலையை எரித்த சாம்பல், சாம்பல் புதனன்று நெற்றிக்கு வருகிறது.

நெருப்பு, சனிக்கிழமை இரவுக்கு உரியது. புதுத் தீ மூட்டி, அதிலே பாஸ்காத் திரியை ஏற்றி, இருண்ட கோவிலுக்குள் கொண்டுசெல்வர். ஆனால் பல நூற்றாண்டுகள் இந்தச் சடங்கு சனிக்கிழமை காலையிலேயே நடந்தது! பட்டப்பகலில் திரி ஏற்றி இருளைப் போக்கினார்கள். 1955-இன் இறுதியில் ரோமாபுரி ஆணை பிறப்பித்து, இரவுக்குரியதை இரவுக்கே திருப்பியது.

இடையிலே வெள்ளிக்கிழமை, அழுகையின் நாள். அழுவதற்குத் தமிழனுக்கு யார் கற்றுத்தர வேண்டும்? கோவாவிலே பிறந்து இலங்கையில் பணியாற்றி 1742-இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கம், ஒப்பாரி இசையிலே பாடப்படுகிறது. இறந்தவன் அயல்நாட்டான், அழும் தாயின் குரல் தமிழ்த் தாயின் குரல்! திண்டுக்கல் மேட்டுப்பட்டி வியாகுல அன்னை ஆலயத்தைச் சார்ந்த மக்கள் பாஸ்கா நாடகம் நடத்துவதும் இவ்வகையே. தொழில்முறை நடிகர் அல்லர். ஊராரே வேடம் பூணுகின்றனர்.

செருமனியின் ஓபரம்மர்காவ் என்னும் சிற்றூரிலும் ஊராரே நடிக்கின்றனர். 1633-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி நேர்ந்துகொண்டு, 1634-இல் தொடங்கிய நாடகம் அது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது. அந்த நாடகம் யூதரை இழிவுபடுத்திற்று. 1934-இல் இட்லர் நேரில் வந்து கண்டு மகிழ்ந்தான். எவன் மகிழ்ந்தான் என்பதே அந்த நாடகத்திலிருந்த நஞ்சுக்குச் சான்று. உலகம் கண்டித்தது, ஊரார் உணர்ந்தனர், உரையாடலைத் திருத்தினர். மணமான மாதரும் 35 வயது கடந்த மாதரும் மேடையேறக் கூடாதென்ற விதி இருந்தது. மாதர் வழக்காடி, 1990-இல் அதை உடைத்தனர். 2020-இல் நடக்கவேண்டியது மற்றொரு கொள்ளைநோயால் தள்ளிப்போய் 2022-இல் நடந்தபோது, யூதாசாக நடித்தவர்களுள் ஓர் இசுலாமிய இளைஞரும் இருந்தார். வானம் இடிந்து விழவில்லை. நாடகம் அழிந்து போகவில்லை!

இனி, நீர். பெரிய வியாழனன்று குரு பன்னிருவரின் காலைக் கழுவுகிறார். காலைக் கழுவுவது அந்நாளில் அடிமையின் வேலை. தலைவன் அதைச் செய்தான் என்பதே கதையின் உயிர். அந்தப் பன்னிருவரும் ஆண்களாகவே இருக்கவேண்டும் என்ற விதியைப் போப் பிரான்சிஸ் 2016-இல் மாற்றினார். நன்று. ஆனால் தமிழ்நாட்டிலே கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. யாருடைய காலை என்பதைவிட, எந்தச் சாதிக்காரன் காலை என்பதன்றோ இங்கே கேள்வி?

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, பூணூலும் குடுமியும் மதத்துக்குத் தடையல்ல என்று வாதாடினார். 1623-இல் போப்பாண்டவரின் இசைவும் கிடைத்தது. உயர்சாதியாருக்குச் சந்நியாசக் குருமார், மற்றவருக்குப் பண்டாரசாமிகள் என்று பிரிவும் வளர்ந்தது. தமிழ் வளர்ந்தது; ஏடுகள் பெருகின; மறுக்கவில்லை. ஆனால் ஓலையை ஏற்றதுபோல் சாதியையும் ஏற்றார்களே! ஓலை மண்ணின் விளைவு; சாதி மண்ணின் நோய். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாமா?

எதிர்த்தோரும் இருந்தனர். 1835-இல் திண்டுக்கல்லில் நிலையம் அமைத்த அமெரிக்க மதுரை மிஷன், சாதி பார்ப்பவனுக்குத் திருவிருந்தில் இடமில்லை என்று 1847-இல் உறுதி பூண்டது. தாழ்த்தப்பட்டோர் சமைத்ததை உடனிருந்து உண்பதே தேர்வு. உபதேசிமார் பலர் பதவியை இழந்தாலும் இழப்போம், பந்தியில் அமரோம் என்றனர்! நெல்லைச் சீமை வடக்கன்குளத்துக் கோவிலிலே வேளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற தடுப்பை 1910-இல் பாதிரியார் அகற்றச் செய்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது, பிரிவினை மீளவில்லை.

ஆயினும் நோய் முற்றும் தீர்ந்ததா? தமிழ்நாட்டிலே பல ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிக்கொன்றாக இருக்கின்றன. கல்லறை காலியாயிற்று என்று பாடுவதற்காகவே ஒரு விழா. அந்தப் பாட்டு முடிந்ததும் பிணத்துக்குத் தனி வழி, தனிக் குழி! உயிர்த்தெழும் நாளிலும் வரிசை பிரித்துத்தான் எழுவார்களோ?

முடியாததைச் செய்யுமாறு நாம் கேட்கவில்லை. திண்டுக்கல் முத்தழகுப்பட்டி செபஸ்தியார் கோவில் விழாவிலே ஆண்டுதோறும் ஆடும் கோழியும் காணிக்கையாகக் குவிய, ஆயிரக்கணக்கானோர், பிற மதத்தாரும் கூட, அசனம் உண்கின்றனர். ஒரே அண்டாச் சோற்றை உண்ட வயிறுகள் ஒரே மண்ணிலே உறங்கக் கூடாதா?

நாளை மாற்றினார்கள், பகலை இரவாக்கினார்கள், நாடகத்தைத் திருத்தினார்கள், பெண்ணின் காலையும் கழுவ விதி தளர்த்தினார்கள். மாந்தர் ஆக்கியதை மாந்தர் மாற்றினர், அவ்வளவுதான். மாற்ற வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அடுத்த பங்குனியில் புதுத் தீ மூட்டும்போது, அந்த வேலியின் முதல் கழியைப் பிடுங்கி அதிலே இடட்டும்! அன்று எழும் சுடரை, கோவிலுக்கு வெளியே நிற்கும் நாமும் கைகூப்பாமலே வாழ்த்துவோம்.