சொருக இடமில்லாத ஜீப்

பசறை, நமுனுகுலைப் பக்கம் தோட்டத்து ஏத்தத்தில் முக்கி முனகி ஏறும் பழைய ஜீப்பைப் பார்த்தா எங்களுக்கு ஒரு யோசனை வரும். என்ஜினின் கோளாறைச் சொல்லும் ஓபிடி மீட்டரை இதில் சொருகினால் என்ன? சொருகலாம், ஆனா இடமே இல்லையே!

காரணம் வரலாற்றில் இருக்கு. லேண்ட் ரோவர் வந்தது 1948இல். வில்லிஸ் ஜீப்பை மிட்சுபிஷி உரிமம் வாங்கிச் செய்யத் தொடங்கியது 1953இல். அவற்றின் பழைய டீசல் என்ஜின்களில் டீசலை அளந்து கொடுத்தது வெறும் இரும்புப் பம்ப். ஓபிடி மீட்டரோ என்ஜினை அளப்பதில்லை, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதை வாசிக்கிறது. புகை மாசைக் கண்காணிக்க, அமெரிக்காவில் 1996இல்தான் ஓபிடி-2 கட்டாயமானது. தொண்ணூறுகளின் சில ஜப்பான் வண்டிகளில் அதே 16 முனை சொக்கட் இருக்கும். பாஷை வேறு, மீட்டர் ஊமையாகிவிடும்.

அதுவரை மீட்டர் யார்? கராஜ் பாஸ்தான். கரும்புகைன்னா டீசல் சரியா எரியல. நீலம்னா ஒயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளை நிக்கலன்னா உள்ளே தண்ணி போகலாம்.

தனி சென்சரோடு வரும் ஒயில் பிரஷர், வெப்ப மீட்டர்களைப் பழைய ஜீப்பிலும் பூட்டலாம். ஆனா பாஸின் காதைக் கடையில் வாங்க முடியாது. தோட்ட வரலாறு என்றால் துரைமார் கதை மட்டும்தானா? ஜீப்பை ஓடவைத்தவங்க இன்னும் இருக்காங்க. போனில் ரெக்கோர்ட் பண்ணியாவது வைப்போம்.