சொல்லும் வாக்கும்: போல் லாசர்ஸ்பெல்ற்றின் ஆராய்ச்சி வாழ்வு

அவைமுன் நிகழும் பேச்சின் ஆற்றலை ஆராய்ந்த நூல்கள் மிகப் பழையன. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் பேச்சுக்கலைக்குத் தனிநூல் செய்தார். திருவள்ளுவர் சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் வெவ்வேறு அதிகாரம் வகுத்தார். இவையாவும் பேசுவோனுக்கு வழிகாட்டுவன. பேச்சைக் கேட்டு வீடு திரும்பியவர் அதனால் உண்மையில் மனம் மாறினாரா, மாறியவர் எத்துணைப் பேர், மாற்றியது எது என்னும் வினாக்களுக்கு எண்ணிக் கணித்து விடைகாண முற்பட்டது இருபதாம் நூற்றாண்டேயாகும். அம்முயற்சியில் முன்னின்றோருள் ஒருவர் போல் லாசர்ஸ்பெல்ற்.

அவர் 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலேயே சோசலிச இயக்கத்தில் ஈடுபட்டார்; ஆயினும் கற்றது கணிதம். 1925இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றுக்கொடுத்த ஆய்வு, ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையைப் புதன் கோளின் இயக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தது. வானத்துக் கோளைக் கணித்தவர் மண்ணுலகத்து வாக்காளரைக் கணிக்கத் தலைப்பட்டது வியப்பெனத் தோன்றலாம். தம் கட்சியின் பிரசாரம் எதிர்பார்த்த பயனைத் தராதது ஏன் என்ற கவலையே அவரை உளவியலின்பால் ஈர்த்தது. ஒருவன் தான் வாங்கும் சவர்க்காரத்தைத் தெரிவதற்கும் தன் வாக்குக்குரிய கட்சியைத் தெரிவதற்கும் உள்ள காரணங்களை ஒரே முறையால் ஆராயலாம் என்பது அவர் கண்ட துணிபு. இத்துணிபு அவருக்குப் புகழையும் பழியையும் ஒருங்கே தேடித்தந்தது.

வியன்னாவுக்கு அணித்தாகிய மரியென்தால் என்னும் சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டதனால் ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரீ யகோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோருடன் சேர்ந்து லாசர்ஸ்பெல்ற் அவ்வூரை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார். தெருவில் நடப்போரின் வேகத்தைக்கூட அவர்தம் குழுவினர் கடிகாரங்கொண்டு அளந்தனர். அந்நூலின் செய்திகளுள் ஒன்று இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. வேலையற்றோருக்குப் பொழுது மிகுந்தமையால் வாசிப்பும் அரசியல் ஈடுபாடும் பெருகியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ நேர்மாறு. கட்டணமின்றி நூல் வழங்கியபோதும் நூலகத்தில் இரவல் பெறுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; கட்சிப் பத்திரிகைக்குச் சந்தா செலுத்துவோரும் பெரிதுங் குறைந்தனர். வறுமை மக்களைப் புரட்சிக்குத் தூண்டும் என நம்பியிருந்த இளைஞர் ஒருவருக்கு இது கசப்பான பாடமாகவே இருந்திருத்தல் வேண்டும்.

1933இல் றொக்பெல்லர் நிதியத்தின் உதவிபெற்று அமெரிக்கா சென்றார். மறுவருடம் ஒஸ்திரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டு, சோசலிசக் கட்சி தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவே அவர் நாடாயிற்று. ஜேர்மனியின் வானொலிப் பிரசாரங் கண்டு உலகம் அஞ்சிய காலம் அது. ஒலிபெருக்கியின் முன் மனிதர் மெழுகுபோல் உருகிவிடுவர் என்பதே கற்றோர் பலரின் எண்ணமாயிருந்தது. 1937இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சார்பில் தொடங்கிய வானொலி ஆராய்ச்சித் திட்டத்துக்கு லாசர்ஸ்பெல்ற் தலைமை தாங்கினார்; அத்திட்டம் பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அவர்தம் ஆராய்ச்சிப் பணியகமாக வளர்ந்தது.

இவ்வச்சத்தை நேரிற் சோதிக்க 1940ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தல் வாய்ப்பளித்தது. மூன்றாம் முறை போட்டியிட்ட ரூஸ்வெல்ற்றை வில்க்கி எதிர்த்து நின்றார். ஒகையோ மாநிலத்தில் ஏறத்தாழ 43,000 மக்கள் வாழ்ந்த ஈரி மாவட்டத்தை லாசர்ஸ்பெல்ற் தெரிந்துகொண்டார். தேர்தலுக்கு முன் ஒருமுறை சென்று கேட்டுவருதல் அந்நாள் வழக்கம். அதனால் இன்று இத்தனை பேர் இப்பக்கம், நாளை இத்தனை பேர் அப்பக்கம் எனலாமன்றி, யார் எப்போது எதனால் மாறினார் எனல் இயலாது. ஆகவே 600 பேர் கொண்ட ஒரே குழுவை மே முதல் நவம்பர் வரை ஏழுமுறை கண்டு வினவச் செய்தார். திரும்பத் திரும்பக் கேட்பதே அவர்கள் கருத்தை மாற்றிவிடுமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, வேறு குழுக்களிடம் ஒவ்வொரு முறை மட்டும் கேட்டு ஒப்புநோக்கினார். ஆராய்ச்சி நேர்மை என்பது இத்தகைய சிறு ஏற்பாடுகளிலேதான் விளங்குகின்றது.

முடிவு எவரும் எதிர்பாராதது. குழுவினருட் பாதிப்பேர் மே மாதத்திலேயே தம் தீர்மானத்தைச் செய்துவிட்டனர். ஒரு கட்சியை விட்டு மறு கட்சிக்குத் தாவியவர் நூற்றுக்கு 8 பேர் மாத்திரமே. பத்திரிகையும் வானொலியும் மிகுதியாக நுகர்ந்தவர் ஏற்கெனவே முடிவுசெய்தவரே. அவரும் தம் பக்கத்துப் பேச்சையே நாடிக் கேட்டனர். எவரை மாற்றுவதற்காகப் பிரசாரம் நிகழ்ந்ததோ அவர் செவிக்கு அது அரிதாகவே எட்டியது. செல்வநிலை, சமயம், நகரவாழ்வோ நாட்டுப்புறவாழ்வோ என்னும் மூன்றையும் அறிந்தாற் பெரும்பாலோரின் வாக்கை முன்னரே ஊகிக்கலாம் என்றும் கண்டனர். பின் மாறியவரை மாற்றியது யாது? வீட்டாரும் தோழரும் உடன்வேலை செய்வோரும் என்பதே விடை. ஒவ்வொரு படியிலும் உள்ள சிலர் பத்திரிகையையும் வானொலியையும் கவனித்துத் தம்மைச் சூழ்ந்தோருக்கு எடுத்துரைப்பதையும் கண்டு, அவரை அபிப்பிராயத் தலைவர் என அழைத்தனர். பேர்ணாட் பெரெல்சன், ஹேசல் கோடே ஆகியோருடன் எழுதிய இவ்வாய்வு 1944இல் நூலாயிற்று.

இவர் பணிக்கு எதிர்ப்பும் எழுந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. 1938இல் வானொலி ஆராய்ச்சியிற் சேர்ந்த தியோடர் அடோர்னோ, இசைகேட்போரின் விருப்பு வெறுப்பை வினாக்கொத்தால் அளப்பதை ஏற்க மறுத்தார். அவ்விருப்பு வெறுப்பை ஆக்கியது யார் என்று கேட்பதன்றோ முதற்கடன் என்பது அவர் நிலை. லாசர்ஸ்பெல்ற் இதனைப் பகைமையாகக் கொள்ளாது, பணியளிப்போரின் தேவைக்குச் செய்யும் ஆராய்ச்சி, சமுதாய அமைப்பையே வினவும் ஆராய்ச்சி என இரண்டாக வகுத்து, இரண்டும் இணையவேண்டுமென 1941இல் எழுதினார். இணைப்பு எழுத்தளவில் நின்றதென்றே சொல்லவேண்டும்.

இரண்டாம் பிணக்கு இன்னுங் கூரியது. 1945இல் இலினோய் மாநிலத்து டெகேற்றர் நகரில் ஏறத்தாழ 800 பெண்களிடம் நடந்த ஆய்வின் களவேலையை ரைற் மில்ஸ் என்னும் இளம் அறிஞர் மேற்பார்வை செய்தார். பொதுவிவகாரங்களிற் செல்வாக்கு மேற்படியிலிருந்து கீழிறங்குவதையே மில்ஸ் முதன்மையாகக் கருதினார். ஒத்த நிலையினரிடையே அது கிடையாகப் பரவுவதை லாசர்ஸ்பெல்ற் வலியுறுத்தினார். மில்ஸ் அப்பணியினின்று நீங்க நேர்ந்தது. நூலை எலியு காட்ஸ் என்னும் மாணவர் உடனிருந்து முடிக்க, அது 1955இல் வெளிவந்தது. 1959இல் மில்ஸ் எழுதிய நூலொன்று, அளவைமுறைக்கு இயைந்த வினாக்களை மட்டுமே கேட்டுப் பெருவினாக்களைக் கைவிடும் போக்கென லாசர்ஸ்பெல்ற்றின் வழியைக் கடிந்தது. டெகேற்றர் ஆய்வுக்குப் பணமளித்தோருள் பத்திரிகைக் கம்பனியொன்றும் இருந்ததை நோக்க, இக்கண்டனத்தை வெறும் மனத்தாங்கலெனத் தள்ளிவிட முடியாது. சில மாதங்களுள் ஒருவர் வாக்கை மாற்றாத பத்திரிகை, எவை பேசத்தக்க விடயங்கள் என்பதைப் பல்லாண்டுகளாக வரையறுத்துவிடக் கூடும். ஏழு வினவல்கள் அதனைக் காட்டா. ஆயினும் மக்கள் மெழுகல்லர் என்பதை அச்சம் மிகுந்த காலத்தில் எண்களால் நிறுவியது சிறுசெயலன்று.

லாசர்ஸ்பெல்ற் 1976இல் காலமானார். காட்ஸ் இஸ்ரவேலிற் குடியேறி, 1960களின் இறுதியில் அந்நாட்டுத் தொலைக்காட்சிச் சேவையின் முதற் பணிப்பாளராய் அதனைத் தொடங்கிவைத்தார். பின்னர், நாடே ஒருங்கிருந்து பார்க்கும் பெருநிகழ்ச்சிகளின் நேரடி ஒளிபரப்பைப்பற்றி டானியேல் டயானுடன் 1992இல் நூலெழுதினார். எகிப்தியச் சனாதிபதி சதாத் 1977இல் எருசலேமுக்கு வருகைதந்த காட்சியும் அந்நூலின் ஆராய்ச்சிக்குரியதாயிற்று. வெகுசன சாதனத்தின் வலிமை மட்டானது என ஆசிரியரோடு சேர்ந்து எழுதிய மாணவர், அதன் வலிமை ஓங்கும் நாட்களை அந்நூலில் ஆராய்ந்தார்.